கடைசிப் பந்தி

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்தபின் என்ன உண்ணலாம், எப்போது, எவ்வளவு என்று அச்சிட்ட தாள். நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். எந்தப் பிரதி கையில் வந்தாலும் இதில் பேசுவது யார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று கேட்பது தொழில் பழக்கம். அந்தத் தாளையும் அப்படித்தான் வாசித்தேன்.

முதல் இரண்டு வாரம் நீர்த்த உணவு: ‘வடிகட்டிய பருப்புத் தண்ணீர் கொடுக்கவும்.’ அடுத்த இரண்டு வாரம் கூழ்பதம்: ‘நன்றாக மசித்துக் கொடுக்கவும்.’ பிறகு மென்மையான உணவு: ‘சிறு கிண்ணத்தில், ஆறியபின் கொடுக்கவும்.’ தாள் முழுக்க இந்த ஒரே வினை. உண்பவருக்கான கட்டளைகள் வேறு பத்தியில் இருந்தன. ஒரு வேளைக்கு அரை மணி நேரம் உட்கார வேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டே சாப்பிடக் கூடாது. முட்டை, மீன், பருப்பு முதலில். சோறு இடம் இருந்தால் மட்டும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது. இப்படி ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஆக, இந்தப் பிரதிக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் வடிகட்டி, மசித்து, ஆறவைத்துக் கொடுக்கிறார். உலக அளவில் இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அப்படியிருந்தும், உண்பவளும் கொடுப்பவளும் ஒருத்தியாகவே இருக்கக்கூடும் என்ற எண்ணம் தாளை எழுதியவருக்கு வரவில்லை.

முதல் பத்து நாள் அம்மா வந்து பார்த்துக்கொண்டாள். அவள் கடலூருக்குப் பஸ் ஏறிய மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் அடுப்படியில் நின்றேன். ஒரு பக்கம் எனக்குப் பருப்புத் தண்ணீர், மறுபக்கம் வீட்டுக்கு மீன் குழம்பு. வடவம் தாளித்த வாசனை எழுந்ததும் குமட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் ‘வதுவான்’ என்று அழைத்துத் தங்கள் ஊர் உணவகங்கள்வரை கொண்டுபோன அதே வடவம். முப்பத்தொன்பது வருடம் எனக்கு வீடு என்றால் அந்த வாசனைதான். அன்று அது அடுத்தவர் வீட்டிலிருந்து வருவதுபோல இருந்தது.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டியெடுக்கப்பட்ட அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்கள் பசியே இல்லை. இதை வரமாகச் சொல்வார்கள். எனக்கு அது துக்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த நேரம் எதுவென்று யோசித்தால், இரவு பத்தரைக்கு மேல் எல்லோரும் படுத்தபின் குளிர்பெட்டியைத் திறந்து நின்றபடியே தின்ற அந்தக் கால்மணி நேரம்தான். யாரும் கூப்பிடாத, யாருக்கும் பரிமாறாத நேரம். அறுவையோடு அதுவும் போயிற்று. ஆறாவது வாரம் பழைய நினைப்பில் ஒரு குலாப் ஜாமூனில் பாதியை வாயில் போட்டேன். வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, அடுப்படித் தரையிலேயே படுத்துக் கிடந்தேன்.

பகலில் நான் தின்றதன் கணக்கு வேறு. பிள்ளைகள் விட்ட அரைத் தோசை, கணவரின் மதியச் சோற்றுப் பெட்டியில் திரும்பி வந்தது, சட்டியின் அடியில் ஒட்டிய குழம்போடு பிசைந்த சோறு, நேற்றையது. “ரெண்டு பிடிதானேம்மா, கொட்டவா முடியும்? ஒரு வாய் போட்டுக்கோ” என்பார் அத்தை. என் எடை ஏறியதற்குச் சர்க்கரை நோயும் பரம்பரையும் இரண்டு பிரசவங்களும் காரணம் என்று மருத்துவர் பட்டியலிட்டார், மறுக்கவில்லை. ஆனால் அந்த 112 கிலோவில் எத்தனை கிலோ பிறருடைய மிச்சம் என்று எந்தத் தராசும் சொல்லவில்லை. கடைசிப் பந்தியில் மிஞ்சுவது சோறும் சாறும்தான். மீனும் முட்டையும் முதல் பந்தியிலேயே தீர்ந்திருக்கும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 46 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். இந்திய அளவில் இது 24. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், பிரெட்டையும் பேஸ்ட்ரியையும் திட்டுகிறார்கள். அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதை யாரும் பக்கத்தில் வைத்துப் படிப்பதில்லை. என் பரிசோதனைத் தாளில் இரண்டும் இருந்தன. இரும்புச்சத்து ஏற்றிய பிறகுதான் என்னை அறுவைக்கே எடுத்தார்கள்.

தோழிகள் சிலர் வருத்தப்பட்டார்கள். “மேடையில உடல் அரசியல் பேசுற நீயே கத்திக்குப் படுத்துட்டியே!” ராக்சேன் கே இதே கேள்வியைச் சந்தித்தவர். தன் பருத்த உடலைப் பற்றி ‘ஹங்கர்’ என்ற நூலை 2017-இல் வெளியிட்டு, 2018 ஜனவரியில் இரைப்பையைச் சுருக்கிக்கொண்டார். பருத்த உடல்களை இந்தச் சமூகம் நடத்தும் விதம் மாறுவதற்குள் தன் உடலை மாற்றிவிட முடியும் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்ததைப் பிறகு எழுதினார். எனக்கு அவருடைய நேர்மை பிடிக்கும். ஆனால் அந்தக் கட்டுரையின் சமையலறை என்னுடையதைப் போன்றதல்ல. அவருக்கு உணவோடு மட்டும்தான் சண்டை. எனக்கு உணவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறு பேரோடும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சென்னைப் புறநகர் மருத்துவமனைக்குப் போய் இறந்தார். தமிழ்நாடு அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த வாரம் முழுக்கத் தெருவில் என்னைப் பார்த்தவர்கள், “நல்லவேளை, நீ பொழச்சே” என்றார்கள், அடுத்த மூச்சில், “அழகுக்காக இவ்ளோ ரிஸ்க்கா?” என்றார்கள். இறந்த பையனைப் பற்றி அழகு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. ‘இஞ்சி இடுப்பழகி’ (2015) படத்தின் வட்டமும் இதுதான். அவசரமாய் எடை குறைக்கும் வியாபாரத்தை அது தைரியமாகவே சாடியது. இருந்தும் அது கேட்பதெல்லாம் பெண் எப்படித் தெரிகிறாள், அவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் வருவானா என்பதுதான்.

நம் பெண்ணிய விமர்சனமும் இதில் பாதி தூரமே வந்திருக்கிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் பதினைந்து வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். ராஜஸ்தான் குடும்பத்தின் அந்த அடுக்களையில் பெண்கள் தேடும் அதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வைத்திருக்கிறேன். சமைக்கிறவளைப் பற்றி நமக்கு ஒரு மொழி இருக்கிறது. தின்கிறவளைப் பற்றி? குறைவாக உண்பதே பெண்ணுக்கு அழகு என்று சொல்லும் கொன்றை வேந்தன் அடியைக் கேலி செய்வதோடு முடித்துக்கொள்கிறோம். அந்த அறிவுரையை எனக்கு மருத்துவர் ஸ்டேப்லர் போட்டே நிறைவேற்றிவிட்டார். ஒரு கல்யாணத்தில் என் இலையைப் பார்த்துப் பெரியம்மா, “இப்பதான்டி பொம்பளையா சாப்பிடுற” என்று பூரித்தார்.

ஆனால் தாளின் மறுபாதியை ஔவை சொல்லவில்லை. ஒரு டம்ளர் அளவு இரைப்பைக்கு 60 கிராம் புரதம் போய்ச் சேர வேண்டும். கடைசியில் உட்கார்ந்தால் அது நடக்காது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்த நான்காவது மாதம், முதலில் சாப்பிட ஆரம்பித்தேன். மதியம் பன்னிரண்டரைக்கு, யாருக்கும் பரிமாறுவதற்கு முன், நாற்காலியில் உட்கார்ந்து. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வஞ்சிரத்தின் நடுத்துண்டை, சோறு இல்லாமல்.

அறுவையை விட இதுதான் வீட்டில் பெரிய செய்தி. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தார். மகள், “எனக்கு எங்கே நடுத்துண்டு?” என்றாள். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “நான் வந்த நாள்லேர்ந்து தலையும் வாலும்தான் தின்னேன், எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?” என்றார். அவருக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவர், இருபது வருடமாகச் சர்க்கரை. இதைச் சொல்லிக் காட்ட நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் கோபத்தில் என் மேல் இருந்தது கொஞ்சம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை துண்டுகளைப் பொரித்து இரண்டு தட்டில் வைத்தேன், எனக்கொன்று, அவருக்கொன்று. “அத்தை, சூடா இருக்கு, உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். முள்ளை எடுத்தார், ஓரத்தில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். மீதியை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடி, பேரன் டியூஷனிலிருந்து வரட்டும் என்று அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். நான் என் துண்டை மென்றுகொண்டிருந்தேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.