கிழங்கு ஓடும் கோடுகள்

மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் எட்டு மீட்டர் அகலத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. கறுப்புப் பரப்பு முழுக்க வெள்ளைக் கோடுகள் பின்னிக் கிடக்கின்றன. வேறு நிறமில்லை, உருவமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரே 1995இல் வரைந்த ‘பெரிய கிழங்குக் கனவு’ அது. எமிலியின் ஓவியங்களைப் பார்க்கப் பழக இதிலிருந்து தொடங்குங்கள். மெல்போர்னுக்குப் போக முடியாதவர்கள் திரையில் பெரிதாக்கிப் பார்த்தும் தொடங்கலாம்.

முதலில் ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணால் அதன் பின்னாலேயே போங்கள். வளையும், இன்னொன்றோடு சேரும், பிரியும். தொலைந்துபோனால் அங்கிருந்தே வேறொன்றைப் பிடியுங்கள். பழங்குடி ஓவியம் என்றாலே இந்த வட்டத்துக்கு என்ன பொருள், அந்தப் புள்ளிக்கு என்ன பொருள் என்று அகராதி தேடத் தோன்றும். எமிலியிடம் அது உதவாது.

தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மண்ணைத்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே, வெள்ளையர்கள் யுடோப்பியா என்று பெயரிட்டு மாட்டுப் பண்ணை நடத்திய வறண்ட நிலம் அவருடைய ஊர். அங்கே மண்ணோடு படரும் ஒரு கொடியுண்டு. நம் உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்த அதே பேரினம். ஓவியத்தின் பெயரில் உள்ள கிழங்கு இந்தக் கொடியுடையது. அது பருத்ததும் மேல்மண் வெடிக்கும். வெடிப்பைப் பார்த்துப் பெண்கள் தோண்டுவார்கள். காமே என்ற பெயரே இந்தக் கொடியின் விதையிலிருந்து வந்தது. கொடியைப் படைத்த மூதாதையருக்கு அவர் கடமைப்பட்டவர். பெண்களின் ‘அவெல்யெ’ சடங்கில் மார்பிலும் தோளிலும் காவிக் கோடுகள் தீட்டிக்கொண்டு பாடி ஆடுவது அந்தக் கடமைகளில் ஒன்று. ஓவியத்தில் இருப்பது வேரா, வெடிப்பா, உடம்பில் தீட்டிய கோடா? மூன்றையும் ஒன்றாகவே பாருங்கள். பிரித்தால் ஓவியம் சிறுத்துவிடும்.

இனி கையைக் கவனியுங்கள். 1977இல் யுடோப்பியாப் பெண்கள் பாத்திக் கற்றுக்கொண்டார்கள். துணியில் மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, வெந்நீரில் மெழுகை எடுக்கும் அந்தக் கலை ஜாவாவில் செழித்தது. எமிலி அப்போதே அறுபதைத் தாண்டியவர். பத்தாண்டுக்கு மேல் பட்டில் மெழுகு விட்ட பிறகுதான் கான்வாஸுக்கு வந்தார். சொட்டிய மெழுகைத் திரும்ப எடுக்க முடியாது. விழுந்த கோடு விழுந்ததுதான். இந்த ஓவியத்தில் தயங்கிய கோடு ஒன்றுகூட எனக்குத் தென்படாததற்கு அந்தப் பயிற்சி ஒரு காரணம் என்று நம்புகிறேன். ஜாவாவின் கருவியை வாங்கி, தன் நிலத்தின் கோட்டை அதில் ஓடவிட்ட கை அது. அவரை ஐரோப்பிய அரூப ஓவியர்களோடு ஒப்பிடுவோர் இந்த வழியைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, அவர் 1994இல் வரைந்த ‘பூமியின் படைப்பு’க்குப் போங்கள். மஞ்சளும் பச்சையும் நீலமும் அப்பிக் கிடக்கும். மழைக்குப் பின் பாலை துளிர்க்கும் பருவம் அது. சுவரில் தொங்குவதை மறந்து, தரையில் விரித்திருப்பதாக நினைத்துச் சுற்றி வாருங்கள். எமிலி கான்வாஸைத் தரையில் போட்டு உட்கார்ந்து வரைந்தவர். எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் பார்க்கத் தொடங்கலாம்.