விண்ணப்பதாரர் இல்லாத குழிகள்

கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிமீது கிடக்கும் கருங்கற்பலகை, பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் பாறையினமே என்று புவியியலறிஞர் தாமஸ் ஹாலண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துக்காட்டினார். கல்தொழிலில் அத்துணைப் பழமை வாய்ந்த செங்கற்பட்டுப் பிரதேசத்தில், சென்னையின் வீதிகளுக்கும் மாடிகளுக்கும் ஜல்லி கொடுத்து ஓய்ந்த கல்குவாரிகள், இன்று திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் ஆழமான நீர்க்குட்டைகளாகக் கிடக்கின்றன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்னும் நம் முறை இவற்றை எங்ஙனம் நோக்குகிறது என்பது ஆராயத்தக்க விஷயம்.

அம்முறையின் சிறப்பை முதலிற் சொல்லுவதே நியாயம். வெட்டுவதற்கு முன்பே தூசியையும், வெடியதிர்வையும், நிலத்தடி நீரையும் ஆராய்ந்து, மூடும் திட்டத்தையும் எழுதித் தரவேண்டும் என்ற கட்டாயம் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையால் வந்தது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகள் அதிலிருந்து தப்பியிருந்த நிலையை, 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. பெரிய குவாரியானால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கிராமத்தார் எழுந்து கேள்வி கேட்கலாம். இது அற்பமான லாபமன்று.

ஆயினும் இந்த ஆராய்ச்சி முழுவதும் விண்ணப்பதாரர் ஒருவரிடத்திலிருந்தே தொடங்குகிறது. அறிக்கை எழுதும் ஆலோசகருக்கு ஊதியம் தருபவரும் அவரே. குத்தகை முடிந்து உரிமையாளர் போய்விட்ட குழிக்கு விண்ணப்பம் ஏது? ஆகவே அதற்கு ஆராய்ச்சியும் இல்லை. 2017-ஆம் ஆண்டு வறட்சியில், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குட்டை நீரைச் சென்னைக் குடிநீர் வாரியம் பரிசோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு அளித்தது. நகரத்தின் தாகத்துக்காக விரைந்து நடந்த பரிசோதனை, குப்பை கொட்டப்படும் குட்டைகளுக்கும், நீந்தப் போய் மாண்ட சிறுவர்களின் ஊர்களுக்கும் ஏன் வரவில்லை என்று எண்ணும்போது மனம் கொதிக்கிறது.

அமெரிக்காவில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் 1944 முதல் 1986 வரை யுரேனியம் தோண்டியவர்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களை விட்டுச் சென்றனர். அங்கே பரிகாரம் மிகவும் தாமதமாகவே வந்தது. எனினும் ஒவ்வொரு சுரங்கமாகக் கதிர்வீச்சை அளந்து, தோண்டிய நிறுவனத்தின் வாரிசைத் தேடிப் பிடித்து, ஏறத்தாழ ஐம்பது சுரங்கங்களைச் சீராக்க நூறு கோடி டாலரளவு பெறும் ஏற்பாடு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பதாரர் இல்லாவிடினும் பொறுப்பாளி உண்டு என்ற தத்துவம் அதில் இருக்கிறது.

மாமல்லபுரம் கடற்கரையில், பாதியில் நின்றுபோன குடைவரைகளையும் தொல்லியல் துறை காத்து வருகிறது. பாறையிலுள்ள குழியைக் கணக்கிலேற்றும் வித்தை நம் அரசுக்குத் தெரியாததன்று. கனிமத்துறையின் குத்தகைப் பதிவேடுகளைக் கொண்டு தாலூகாதோறும் குட்டைகளைப் பட்டியலிட்டு, ஆழத்தையும் நீரின் தன்மையையும் அளந்து, வேலியிட்டு, செலவை மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து எடுக்கலாம். முன்னாள் குத்தகைதாரர் இருக்குமிடம் தெரிந்தால் அவரிடமே வசூலிக்கலாம்.