காக்கா வருவதற்கு முன்பே பானையில் தண்ணீர் இருந்தது

போன மாதம் வள்ளியூரில் தங்கை வீட்டில் இருந்தபோது, இரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் ஒரு பயிற்சித்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். 'கதையை வரிசைப்படுத்துக' என்ற பயிற்சி. ஆறு வாக்கியங்களைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். விடைப்படி சரியான வரிசை இது:

1. காகத்துக்குத் தாகம் எடுத்தது.
2. காகம் தண்ணீர் தேடிப் பறந்தது.
3. காகம் பானையைக் கண்டது.
4. பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.
5. காகம் கற்களைப் பானைக்குள் போட்டது.
6. காகம் தண்ணீரைக் குடித்தது.

அவள் நான்காவது வாக்கியத்தைத் தூக்கி முதலில் வைத்திருந்தாள். மற்றதெல்லாம் அதே வரிசைதான். மதிப்பெண் ஆறுக்கு இரண்டு. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "காக்கா வாரதுக்கு முன்னாடியே பானையில தண்ணி கெடந்துச்சுல்லா மாமா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

முதலில் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பார்ப்போம். ஒரு வாக்கியம் முன்னால் போனதும் அதற்கு முன்னால் இருந்த மூன்றும் ஒவ்வொரு இடம் தள்ளிப்போகின்றன. இடத்தை வைத்துத் திருத்தினால் நான்கு தவறு. ஆனால் 'எது முன், எது பின்' என்று சோடி சோடியாகப் பாருங்கள். ஆறு வாக்கியங்களில் 15 சோடிகள் உண்டு. அவற்றில் 12 சரி, 3 மட்டுமே மாறியிருக்கின்றன. கணினித் துறையில் இரண்டு வரிசைகளை ஒப்பிட இப்படித்தான் எண்ணுவோம். முக்கால்வாசிக்கு மேல் சரியாகச் செய்த பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கொடுத்தால், அது பிள்ளையின் திறனை அளக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இது ஏதோ ஒரு பள்ளியின் பிரச்சினை இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலும் சரி, 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் சரி, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கவே முயல்கின்றன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதே அதற்காகத்தான். நல்ல எண்ணம். ஆனால் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சமாளிக்கும் ஆசிரியருக்கு விடைத்தாளோடு ஒப்பிட்டு டிக் அடிக்கத்தான் நேரம் இருக்கும். அதனால் கேள்வியே ஒழுங்காக இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய குறை இங்கேதான். விடைத்தாளின் வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கிறது: 'பானையின் அடியில்' என்று ஆரம்பித்தால் 'எந்தப் பானை?' என்று கேட்கத் தோன்றும். நடந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. ரஷ்ய உருவவாதிகள் நூறு வருஷத்துக்கு முன்பே பிரித்துப் பேசிய விஷயம் இது. ஆனால் அந்த நியாயத்தைப் பிள்ளைக்குக் காட்டும் தடயம் பயிற்சித்தாளில் இல்லை. மூன்றாவதில் 'ஒரு பானையை', நான்காவதில் 'அந்தப் பானையின்' என்று இருந்திருந்தால் போதும், அவளே பிடித்திருப்பாள்.

தமிழில் கதையை ஒட்டவைக்கும் பசை 'முதலில், பிறகு, கடைசியில்' மட்டும் இல்லை. வினையெச்சமும் 'போட்டதும்', 'குடித்துவிட்டு' மாதிரி வடிவங்களும்தான் பெரிய பசை. 'குளிச்சிட்டு, சாப்ட்டுட்டு, பள்ளிக்கூடம் போனேன்' என்று ஏழு வயசுப் பிள்ளை தப்பில்லாமல் சொல்லும். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே வரிசை இருக்கிறது. நம் பயிற்சித்தாள்களோ ஒவ்வொரு வாக்கியத்தையும் 'எடுத்தது, பறந்தது, கண்டது' என்று முற்றுவினையில் வெட்டிவிடுகின்றன. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த கருவியைப் பிடுங்கிவிட்டு வேலையைச் செய் என்கிறோம்.

இன்னொன்று. எல்லா வரிசையும் ஒரே வகை இல்லை. 1986-ல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் குழந்தைகளிடம் கதைப் படங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பொருள்கள் ஒன்றையொன்று தள்ளி உருளும் கதைகளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நன்றாகச் செய்தார்கள். ஒருவர் மனதில் நினைப்பதைப் புரிந்துகொள்ள வேண்டிய கதைகளில் திணறினார்கள். நம் ஊர்க் கதைகளையே எடுங்கள். கல் போட்டால் தண்ணீர் ஏறுவது பொருளின் கதை. வடைக்காக நரி காக்காவைப் பாடச் சொல்வது மனதின் கதை. இரண்டையும் ஒரே மாதிரி ஆறு மதிப்பெண் பயிற்சியாக்கினால், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்பது மூன்றுதான். அச்சடிக்கும் முன் எந்த வாக்கியத்தையாவது இடம் மாற்றினாலும் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதையும் சரி என்று விடையில் போடுங்கள். 'ஒரு', 'அந்த', 'போட்டதும்' போன்ற தடயங்களை விட்டுவையுங்கள். வரிசையை எழுதியபின் பிள்ளையை வாய்விட்டுக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவதற்குக் காசு செலவில்லை. ஆச்சி கதை சொல்லும்போது நாங்கள் 'ம்' கொட்டுவோம். புரியாத இடத்தில் 'ம்' நின்றுவிடும், ஆச்சி திரும்பிப் போய் விட்டதைச் சேர்த்துச் சொல்வாள். அன்று ராத்திரி தங்கை மகளைக் கதை சொல்லவிட்டு நான் 'ம்' கொட்டினேன். "பானையில கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு" என்று ஆரம்பித்தாள். நான் 'ம்' போடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ஊர்ல ஒரு பானை இருந்துச்சு மாமா" என்று மறுபடி தொடங்கினாள்.