பேனலில் பச்சை, ஓடுபாதையில்?

பழைய ரிலே சிஸ்டம்னாலே "அந்தக் காலத்து எஞ்சினியரிங் வருமா"ன்னு ஒரு கூட்டம் உருகும். "காயலான் கடைக்குப் போடு"ன்னு இன்னொரு கூட்டம். அமெரிக்க விமான நிலையங்களின் பழைய ஓடுபாதை விளக்குக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை இரண்டு பேருமே முக்கியமான இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

முதலில், உருகுபவர்கள் பக்க நியாயம். கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிளில் பேரலலாகப் பல்புகளைப் போட்டால் கடைசிப் பல்பு மங்கிவிடும். அதனால் ஓடுபாதையில் சீரியஸ். எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்: முழு வெளிச்சத்துக்கு 6.6 ஆம்பியர், பிறகு 5.2, 4.1, 3.4, 2.8 என்று இறங்கும். 5.2-க்கு வந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசிதான்.

இந்தக் கரண்டை மாறாமல் பிடித்துவைத்த மூவிங் காயில் ரெகுலேட்டரைப் பாருங்க. ஒரு காயில் அசையாது, இன்னொன்று எடைக்கல்லோடு தராசு மாதிரி தொங்கும். கரண்ட் ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், இடைவெளி கூடும், கரண்ட் தானாக இறங்கும். ஒரு வரி கோடு கிடையாது!

டவரிலும் அதே அழகு. படிக்கு ஒரு ஒயர். அது ரெகுலேட்டர் அறையில் இருக்கும் ரிலேயை இழுக்கும். சுவிட்ச் 3-ல் நின்றால் அதுவே கட்டளை, அதுவே நினைவு. கரண்ட் போய் வந்தாலும் சுவிட்ச் 3-லதான் நிற்கும். இதே விஷயத்துக்கு நாம இன்னைக்கு எத்தனை ஆயிரம் வரி எழுதுகிறோம்!

இனி குறை. ஒவ்வொரு பல்புக்கும் தனி ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் உண்டு. இழை அறுந்தால் அதன் கோர் சாச்சுரேட் ஆகி, மற்றவற்றுக்குக் கரண்டை விட்டுவிடும். அபாரமான யோசனை. ஆனா விளைவு என்ன? பத்து பல்பு செத்தாலும் ரெகுலேட்டருக்கு அதே 6.6. டவருக்கு ஒன்றும் தெரியாது. "ரெகுலேட்டர் கேட்டபடி நடந்ததா?" என்பதற்குத்தான் பேனல் பதில் சொல்லும், இறங்குகிற விமானிக்கு வேண்டியது "விளக்கு எரியுதா?" என்பது.

காயலான் கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். எஃப்.ஏ.ஏ. ரெகுலேட்டர்களை எல்-828, எல்-829 என்று பிரிக்கிறது; கண்காணிப்போடு சேர்ந்து வருவது இரண்டாவதுதான். வெறும் எல்-828-க்கு முன்னால் புது டச் ஸ்கிரீனை மாட்டினால் அதே பாதித் தகவல் கலர் படமாகத் தெரியும். அணைந்த பல்பை எண்ண ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் போய்த்தான் ஆகணும்.