தேடலும் ஆய்வும்: சீகன்பால்கின் நூலொன்றை முன்வைத்து

இறையியல் மாணவர் இக்காலத்தில் எழுதும் ஆய்வேடுகளில், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றிச் சீகன்பால்கு இயற்றிய நூல் மேற்கோளாக வருவதுண்டு. அடிக்குறிப்பில் ஆண்டு 1869 எனக் காணப்படும். 1719இல் தரங்கம்பாடியில் மரித்தவருக்கு 1869இல் நூல் எவ்வாறு வந்தது என்னும் வினா மாணவருக்கு எழுவதில்லை. வழிகாட்டும் ஆசிரியருக்கும் எழுவதில்லை போலும்.

சீகன்பால்கு அந்நூலை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தது 1713இல். அவர் பெயரால் அது அச்சேறியதோ 1867இல்தான். சென்னையில் அதைப் பதிப்பித்த வில்லெல்ம் ஜெர்மான் தம் குறிப்புகளையும் சேர்க்கைகளையும் உடன் வைத்தார். ஈராண்டு கழித்து மெட்ஸ்கர் அதனை ஆங்கிலமாக்கினார். தம்முடையது தழுவிய மொழிபெயர்ப்பு என்பதையும், புதியன பல சேர்க்கப்பட்டுள்ளன என்பதையும் அவர் முகப்பிலேயே அறிவித்துள்ளார். ஆகவே ஐயனாரையோ மாரியம்மனையோ பற்றி அப்பதிப்பிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, "முதல் புராட்டஸ்டன்ட் மிஷனெரி தமிழர் சமயத்தை இவ்வாறு மதித்தார்" என்று எழுதுவது துணிச்சலான செயல். அவ்வாக்கியம் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த வேறொருவருடையதாக இருக்கலாம். பிற சமயத்தாரோடு நம் திருச்சபையின் உறவு எவ்வாறு தொடங்கிற்று என்பதையே இத்தகைய வாக்கியங்களைக் கொண்டு தீர்மானிக்கிறோம். பிழை அடிக்குறிப்போடு நின்றுவிடுவதில்லை.

கூகுளில் பெயரைத் தட்டினால் 1869ஆம் பதிப்பு எளிதாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பதிப்புரிமை காலாவதியானமையால் முழு நூலும் இலவசமாகக் கிடைக்கிறது. 1713ஆம் ஆண்டு மூலத்தை ஆராய்ந்து தானியேல் ஜெயராஜ் 2003இல் ஜெர்மனிலும் 2005இல் ஆங்கிலத்திலும் வெளியிட்ட பதிப்புகளை நூலகத்தில் தேடிச் சென்று காணவேண்டும். கைக்கு எட்டுவதும் மூலத்துக்கு அண்மையில் நிற்பதும் ஒன்றல்ல.

கருவியைப் பழிப்பதில் பயனில்லை. 1710 முதல் ஹாலேயில் வெளிவந்த மிஷன் அறிக்கைகளின் பக்கங்களும் இன்று அதே திரையில் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் தேடுகிறவருக்கு அக்காலத்துச் சொற்கள் தெரிந்திருக்கவேண்டும். அவ்வறிக்கைகளில் தமிழர் "மலபாரியர்", தமிழ் "மலபார்" மொழி, தரங்கம்பாடி "டிராங்கபார்". "தமிழர்" என்று மட்டும் தேடுகிறவர் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவார். பின்பு அவ்வறிக்கைகளும் ஐரோப்பிய ஆதரவாளர் கண்ணுக்கேற்பச் சீர்செய்து அச்சிடப்பட்டவை என்பதால், கையெழுத்துக் கடிதங்களோடு அவற்றை ஒப்பிடும் வேலை தனியே இருக்கிறது.

ஒரு மாணவர் ஐயனாரைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்து, 1869ஆம் பதிப்பையும் 2005ஆம் பதிப்பையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பத்துப் பக்கம் எழுதுவாரானால், இன்று நாம் ஏற்கும் நூறு பக்க ஏடுகள் பலவற்றினும் அதனையே மேலாக மதிக்கலாம். பக்கங்களை எண்ணித் தேர்ச்சியளிக்கும் இடங்களில் அவருக்கு அதற்குரிய மதிப்பெண் கிடைக்குமா என்பது ஐயத்துக்குரியது.