அரிக்கமேடு யாருடைய ஊர்?

ரெட்டியார்பாளையத்திலிருந்து தென்கிழக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டுக்கு ரோமானிய வீதியைக் காணும் ஆவலோடு செல்வோர் ஏமாறுவர். அங்கே நிமிர்ந்து நிற்கும் செங்கற் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பியவை. பழைய ஊரை நாம் மார்ட்டிமர் வீலரின் எழுத்தில்தான் காண வேண்டும்.

1945இல் அகழ்ந்து, 1946இல் அவர் வெளியிட்ட அறிக்கை ஒழுங்குக்கும் தெளிவுக்கும் இலக்கணமாகும். இத்தாலிய மட்கலத் துண்டுகளைக் கொண்டு தென்னிந்திய மண்ணடுக்குகளுக்குக் காலம் வகுத்தது பெருந்தொண்டே. ஆயினும் அவர் பார்வை ரோமாபுரியை விட்டு அகலவில்லை. உட்புறம் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு பதித்த கலங்களை மேலை நாட்டு மரபினவாகக் கொண்டார். அவை இந்நாட்டுக் களிமண்ணில் வனையப்பட்டவை எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ரோம வணிகத்துக்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதை 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு தெளிவாக்கிற்று.

பண்டை அரபுக் கசீதாவில் கவிஞன் பாழிடத்தின் முன் நின்று, அங்கே வாழ்ந்தவரைத்தான் முதலில் வினவுவான். வீலரோ வந்து போனவரையே முதலில் வினவினார். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் அவர் அறிக்கையிலேயே உள்ளன. வாசகர்கள் அப்பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குவார்களாக.