பீட்டர் லொர்ரே: கடைசிவரை அடக்கி வைத்த குரல்

1931 மே மாதம் பெர்லினில் வெளியான ‘எம்’ படத்தில் குழந்தைகளைக் கொல்லும் ஹான்ஸ் பெக்கர்ட்டாக வருபவர் பீட்டர் லொர்ரே. இரண்டு மணி நேரத்தை நெருங்கும் படத்தில் அவர் திரையில் தெரிவது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் போலீசும் திருடர் கூட்டமும் பெக்கர்ட்டைத் தேடும் கதை. ஆனாலும் இது லொர்ரேயின் படம். கடைசி ஓவருக்காக ஒரு பந்துவீச்சாளரை ஒதுக்கி வைக்கும் கேப்டனைப் போல, இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் அவரைப் பத்திரப்படுத்தினார்.

முதலில் வருவது நிழல். கொலைகாரனைப் பிடிக்க 10,000 மார்க் பரிசு அறிவிக்கும் சுவரொட்டிமீது சிறுமி எல்ஸி பந்தடிக்கிறாள். அதன்மீது தொப்பி போட்ட ஒரு நிழல் சாய்கிறது. பிறகு பலூன் வாங்கும்போது முதுகு. கூடவே க்ரீக் இசையமைத்த ஒரு மெட்டின் விசில். லொர்ரேவுக்கு விசிலடிக்க வராததால் லாங்கே அடித்தார் என்பார்கள். லாங்குக்கு இது முதல் பேசும்படம். ஆனாலும் பல இடங்களை அவர் ஓசையே இல்லாமல் விட்டிருக்கிறார். பின்னணி இசையும் சேர்க்கவில்லை. அதனால்தான் அந்த விசில் கேட்டாலே வயிறு கலங்குகிறது.

முகம் தெரியும் காட்சிகளிலும் லொர்ரே அவசரப்படவில்லை. கையெழுத்து நிபுணர் கொலைகாரனின் மனதைப் பற்றிக் குறிப்பு சொல்லிக்கொண்டிருக்க, பெக்கர்ட் கண்ணாடி முன் நின்று வாயின் ஓரங்களை விரலால் இழுத்துப் பார்க்கிறான். ஊர் பயப்படும் அந்த மிருகம் தன் முகத்தில் எங்கே இருக்கிறது என்று அவனே தேடுகிறான். ஒரு வசனம் கிடையாது. கத்திகள் அடுக்கிய கடைக் கண்ணாடியில் ஒரு சிறுமியின் பிம்பம் தெரிந்ததும் அந்த உருண்டைக் கண்கள் மாறுவதைப் பாருங்கள், உடம்பே தள்ளாடுகிறது. மேடையில் நாடகாசிரியர் பிரெக்ட்டோடு வேலை செய்தவருக்கு, உடம்பைப் பேச வைப்பது புதிதல்ல.

நடுவில் போலீஸ் விசாரணை கொஞ்சம் நீளம்தான். அந்த நீளம்தான் பிடிபட்ட பெக்கர்ட்மீது பாழடைந்த சாராய ஆலையில் திருடர்கள் நடத்தும் விசாரணைக்குப் பலம் சேர்க்கிறது. தலைமை தாங்கும் ஷ்ரெங்கராக குஸ்டாஃப் க்ரூண்ட்கென்ஸ் தோல் கோட்டும் கையுறையுமாக அசையாமல் நிற்கிறார். எதிரே பெக்கர்ட் முழங்காலில் சரிந்து, விரல்கள் வளைய, கண்கள் பிதுங்க, தன்னைத் துரத்துவது தானேதான் என்று கதறுகிறான். அதுவரை அடக்கிய குரல் கீச்சிட்டு உடைகிறது. அழுகை, வெறி, கெஞ்சல் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. அவன்மேல் நமக்கு இரக்கம் வருகிறது. அந்த இரக்கமே நம்மைக் கூசவைக்கிறது. மன்னிப்புக்காக லொர்ரே நடிக்கவில்லை. வேதனையை மட்டும் காட்டுகிறார், கொலைகளின் கனத்தைக் குறைக்கவில்லை. பேசும்படம் பிறந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில் இப்படி ஒரு குரல் நடிப்பு வேறெங்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

யூதரான லொர்ரே 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1940-இல் நாஜிகள் தங்கள் யூத வெறுப்புப் பிரசாரப் படமான ‘டேர் எவிக யூட’வில் இதே வாக்குமூலக் காட்சியை வெட்டி ஒட்டினார்கள். ஒரு நடிகரின் உழைப்பை அவருடைய மக்களுக்கு எதிரான சாட்சியமாக்கிய அயோக்கியத்தனம் அது.